வீடு மாறும் எண்ணமும் வீட்டுச் சாதனங்களும்



எங்கள் வீட்டில் சமையலறைக்கும் குளியலறைக்கும் இடையே, சுவரோரமாக, இரண்டரை அடிச் சதுரமான ஓர் இடம் பதினாறு ஆண்டுகளாக வெறுமையாகவே கிடந்தது. அவ்விடத்துச் சுவரிலே ஒரு தண்ணீர்க் குழாய் உண்டு; அதன் பக்கத்தில் மின்சாரச் செருகியைப் பொருத்தும் குதை உண்டு; நிலத்தோடு ஒட்டிக் கழிவுநீர் செல்ல ஒரு துவாரமும் உண்டு. 2009ஆம் ஆண்டில் வீட்டைக் கட்டிய மேசனாரிடம், "இது சலவை இயந்திரத்துக்குரிய இடம்" என்று நானே அளந்து காட்டினேன். குழாய் வந்தது, மின்சாரம் வந்தது, துவாரமும் வந்தது. இயந்திரம் மாத்திரம் வரவில்லை.

பணம் இல்லாமையால் வரவில்லை என்று கூற முடியாது. வங்கிக் கடனைக் கட்டிய முதற் சில ஆண்டுகள் கையிறுக்கமானவைதாம். அதன் பின்னர் வாங்கியிருக்கலாம். வாங்காமைக்குக் காரணம் வேறு. இந்த வீட்டிலே நாம் நெடுநாள் இருக்கப்போவதில்லை என்னும் எண்ணமே அது. வீடு மாறப்போகிறோம் என்று நினைக்கும் குடும்பம் எதை வாங்குகிறது, எதை வாங்காது விடுகிறது என்பதைப் பற்றியே இன்று உங்களுடன் சிறிது பேச விரும்புகிறேன். இதுவும் ஒரு பேச்சுக்குரிய பொருளா என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் இதைக் கூறியபோது கேட்கவே செய்தார்கள். ஆனால் இடைவேளை மணி அடிப்பதற்குள் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டில் வாங்காமல் விட்ட பொருளொன்றின் கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டனர்.

மட்டக்களப்புப் பிரதேசத்தின் நடைமுறையை அறியாத நேயர்களுக்காக ஒரு வழக்கத்தை முதலில் விளக்க வேண்டும். கீழைக் கரையோரத்துத் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் பெண்ணுக்குச் சீதனமாக வீடு கொடுப்பதே முறை. மணமகன் மணமகளின் வீட்டுக்கு வந்து குடியேறுவான். பெற்றோர் சில காலம் உடனிருந்துவிட்டு, அதே வளவின் பின்புறத்திலோ அயலிலோ வேறொரு வீடு அமைத்து, எஞ்சிய பிள்ளைகளோடு அங்கே மாறுவர். அடுத்த மகளின் கலியாணத்தோடு அந்த வீடும் அவளுக்குப் போகும். மூன்று பெண்களைப் பெற்ற ஒருவர் மூன்று வீடு கட்டி, மூன்றையும் கைவிட்டு, நான்காவதான ஒரு சிறு குடிலிலே முதுமையைக் கழிப்பதை எங்கள் ஊர்களில் சாதாரணமாகக் காணலாம். இப்பகுதியில் முற்காலத்தில் வழங்கிய முக்குவர் சட்டத்தைப் பற்றிக் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876இல் ஒரு நூல் எழுதினார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, அக்கரைப்பற்றில் ஆண்டுக்கணக்காக ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட நூலிலும் இந்த வீட்டுச் சீதனம் விரிவாகப் பேசப்படுகிறது. பழைய சட்டம் மறைந்துவிட்டது. வழக்கம் மறையவில்லை.

இவ்வழக்கத்தின் நன்மை தீமைகளை ஆராய்வது இன்றைய நோக்கம் அன்று. பெண்ணுக்குச் சொந்தக் கூரை ஒன்று உண்டு என்பது பெரிய நன்மை என்றே நான் கருதுகிறேன். நான் காட்ட விரும்புவது ஒரு சிறு விளைவையே. உறுதியிலே தம் பெயர் எழுதப்பட்டிருந்தும், தம் வீட்டிலே தாமே தற்காலிகக் குடியிருப்பாளராக வாழும் ஒரு தலைமுறை இங்கே எப்பொழுதும் இருக்கிறது. வீட்டுக்காரர் அவரே, வீடு மாறப்போகிறவரும் அவரே.

எனக்கு இரண்டு பெண்கள். வீடு கட்டிய ஆண்டில் மூத்தவளுக்குப் பதினான்கு வயது. இன்னும் எட்டு அல்லது ஒன்பது வருஷம், அதன் பிறகு வீடு அவளுக்கு என்று கணக்கிட்டேன். இந்தக் கணக்கு ஒவ்வொரு பொருளை வாங்கும்போதும் என் பக்கத்தில் வந்து நின்றது. மண்டபத்துக்குக் கூரை விசிறி வாங்கினேன். வீட்டோடு நிற்கும் பொருள் என்பதால் நல்லதாகவே வாங்கினேன். எங்கள் படுக்கையறைக்கு ஒரு மேசை விசிறி போதும் என்று விட்டேன். தூக்கிக்கொண்டு போகலாம் அல்லவா? சலவை இயந்திரத்தைப் பற்றி மனைவி கேட்டபோது, "மகளின் கலியாணத்துக்கு எப்படியும் புதிதாக ஒன்று வாங்கவேண்டும். இப்போது வாங்கினால் அது பழசாகிவிடும். பிறகு நமக்கு ஒன்று, அவளுக்கு ஒன்றா?" என்றேன். அவள் மறுத்துப் பேசவில்லை. என் கணக்கில் பிழை இருப்பதாக அப்போது எனக்கும் தோன்றவில்லை.

நேயர்களே, நான் கலைப் பட்டதாரி. பொருளாதாரத்தையும் ஒரு பாடமாகப் படித்தவன். ஆகவே அந்தக் கணக்கை உங்கள் முன்னால் சற்று விரித்து வைக்கிறேன்.

சுவரிலே பொருத்தும் குளிரூட்டி ஒன்றை வாங்கப் போகிறோம் எனக் கொள்வோம். கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று மற்றதிலும் 60,000 ரூபா மலிவு. ஆனால் மாதந்தோறும் 50 அலகு மின்சாரத்தை மேலதிகமாகக் குடிக்கும். கணக்குக்காக அலகு ஒன்று 40 ரூபா என வைத்தால், மாதம் 2,000 ரூபா. முப்பது மாதத்தில், அதாவது இரண்டரை வருஷத்தில், மலிவாகக் கிடைத்த 60,000 ரூபாவும் மின்கட்டணமாகக் கரைந்துவிடும். இரண்டு வருஷத்தில் வீட்டை விட்டுப் போகிறவருக்கு மலிவான இயந்திரமே இலாபம். 12,000 ரூபா மிஞ்சும். பத்து வருஷம் இருப்பவருக்கோ அதே இயந்திரத்தால் 180,000 ரூபா நட்டம். இரண்டு பேரும் ஒரே கடையில் ஒரே பொருளைப் பார்த்து நிற்கிறார்கள். அவர்களைப் பிரிப்பது எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்ற எண்ணம் ஒன்றுதான்.

1979ஆம் ஆண்டில் ஜெரி ஹவுஸ்மன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் இத்தகைய அறைக் குளிரூட்டிகளின் கொள்வனவைப் பற்றியே ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். மின்சாரத்தைச் சிக்கனமாகப் பாவிக்கும் இயந்திரத்துக்கு மக்கள் எவ்வளவு மேலதிக விலை கொடுக்கத் துணிகிறார்கள் என்பதிலிருந்து, அவர்கள் எதிர்காலத்தை எவ்வளவுக்கு மதிக்கிறார்கள் என்று அவர் கணித்தார். அவர் கண்ட வீதம் ஆண்டுக்கு ஏறக்குறைய நூற்றுக்கு 20. எளிய மொழியிற் கூறின், அடுத்த ஆண்டு கிடைக்கும் நூறு ரூபாச் சேமிப்பை இன்று எண்பத்துமூன்று ரூபாவாகவே மக்கள் எண்ணுகிறார்கள். வருமானம் குறைந்த குடும்பங்களில் இந்த வீதம் இன்னும் உயர்ந்தது. நாளை வரும் இலாபத்துக்காக இன்று கையிலுள்ள காசை விடுவது வறியவருக்கு அரிது. இந்தப் பொறுமையின்மையோடு வீடு மாறும் எண்ணமும் சேர்ந்துவிட்டால் மலிவான பொருளே வீட்டுக்குள் வரும். அல்லது எதுவுமே வராது.

ஆனால் இந்தக் கணக்கிலே ஒரு நுட்பம் உண்டு. அதைத்தான் நான் தவறவிட்டேன். குளிரூட்டியைச் சுவரிலே பொருத்துகிறோம். விசிறியைக் கூரையிலே மாட்டுகிறோம். நீர்ப்பம்பியைக் கிணற்றடியிலே சீமெந்து இட்டு நிறுத்துகிறோம். இவை நாம் போகும்போது நின்றுவிடக்கூடிய பொருள்கள். நிலத்தோடு பிணைக்கப்பட்டது நிலத்துக்கே உரியது என்பது உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை. நம் நாட்டின் பொதுச்சட்டமும் அதன் வழி வந்ததே. இவற்றை வாங்கும்போது எத்தனை ஆண்டு இருப்போம் என்று கேட்பது நியாயம். குளிர்சாதனப் பெட்டியும் சலவை இயந்திரமும் அத்தகையன அல்ல. அவை லொறியில் ஏறி நம்மோடு வரும். அவற்றின் கணக்கை இயந்திரத்தின் ஆயுளைக் கொண்டு பார்க்க வேண்டுமேயன்றி, ஒரு வீட்டில் நாம் இருக்கும் காலத்தைக் கொண்டு பார்த்தல் பிழை. இருந்தும் நம்மிற் பெரும்பாலோர் எல்லாவற்றையும் ஒரே தராசில் நிறுத்துவிடுகிறோம். 'போகப் போகிறோம்' என்ற சொல் வந்தவுடன் கூரை விசிறியும் சலவை இயந்திரமும் ஒன்றாகிவிடுகின்றன.

எது வீட்டோடு நிற்கும், எது நம்மோடு வரும் என்பது நாட்டுக்கு நாடு மாறுபடும் என்பதையும் இடையிலே குறிப்பிடலாம். ஜேர்மனியில் வாடகைக்கு விடும் வீடுகள் பலவற்றில் சமையலறை வெறும் சுவராகவே இருக்குமாம். குடிபுகுவோர் அடுப்பு, அலுமாரி, கழுவுதொட்டி எல்லாவற்றையும் தாமே கொண்டுவந்து பொருத்துவர். போகும்போது கழற்றிச் செல்வர், இல்லையேல் அடுத்து வருபவருக்கு விற்பர். அமெரிக்காவிலோ வீடு விற்கும்போது அடுப்பும் பாத்திரம் கழுவும் இயந்திரமும் பெரும்பாலும் வீட்டுடனேயே கைமாறும். நம் நாட்டிலே இதற்கு உறுதியான வழக்கம் இல்லை. அதனால் வரும் மனத்தாங்கல்களுக்கும் குறைவில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் வீடொன்றை வாங்கி, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சப் போனார். கூரையிலே விசிறிகள் இருந்த இடத்தில் கம்பிகள் மாத்திரம் தொங்கின. கிணற்றடியிலே பம்பி இருந்த இடத்தில் நான்கு ஆணிகள் நின்றன. விற்றவரைக் கேட்டபோது, "நான் வீட்டைத்தானே விற்றேன்" என்றாராம். வீடு வாங்குவோரும் விற்போரும் இன்னின்ன பொருள் வீட்டோடு நிற்கும் என்று உடன்படிக்கையிலேயே ஒரு வரி எழுதுவித்துக்கொண்டால் அயலிலே முகம்பார்த்துப் பேச முடியும்.

வீடு மாறும் எண்ணம் கலியாணத்தால் மாத்திரம் வருவதன்று. எங்கள் பகுதி மக்களுக்கு அது வேறு வழியாகவும் வந்து பழகிவிட்டது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் குடும்பம் வீட்டை விட்டு வெளியேறியது. என் தாயார் மரக்கூட்டோடு கைத்தையல் இயந்திரத்தைச் சுமந்தார். நான் வானொலிப் பெட்டியைக் கழுத்திலே மாட்டிக்கொண்டேன். தந்தையார் கண்ணாடி அலுமாரியைப் பூட்டிச் சாவியை மடியிலே முடிந்துகொண்டார். மாதங்கள் கழித்துத் திரும்பி வந்தபோது சாவி இருந்தது, அலுமாரி இருக்கவில்லை. அன்று முதல் தந்தையார் எந்தப் பொருளை வாங்க எண்ணினாலும் அதைக் கையாலே ஒருமுறை தூக்கிப் பார்ப்பார். தூக்க முடியாதது அவருடைய வீட்டுக்குள் வந்ததில்லை. கடைக்காரர்கள் நகைப்பார்கள். என் தாயார் நகைத்ததில்லை.

2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலையின் பின்னர், வடக்கு கிழக்குக் கரையோரத்தில் 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று முதலில் விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. அந்த இடைக்காலத்தில், உடைந்த சுவரைத் திருத்துவதா, வேறிடத்துக் காணிக்குக் காத்திருப்பதா என்று அறியாமல் இருந்த குடும்பங்களை நான் அறிவேன். அடுப்புக்கு மேலே ஒரு தகரம் போடுவதற்குக்கூட அவர்கள் யோசித்தார்கள். இத்தகைய அனுபவம் உள்ளவர்களிடம் போய், நீண்டகால நோக்கோடு மின்சாதனம் வாங்குங்கள் என்று உபதேசிப்பது எளிது. கேட்பவர் சிரிக்காமல் இருந்தால் அது அவருடைய பெருந்தன்மை.

இடமாற்றத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் ஊரிலே ஒரு வீட்டுக்கு உரியவனாக இருந்துகொண்டே வேறு வேறு ஊர்ப் பாடசாலை விடுதிகளில் காலங்கழித்தவன். விடுதியிலே வாழும் உத்தியோகத்தரின் வீட்டைப் பார்த்தவுடனே இனங்காணலாம். அலுமாரியின் மேலே ஒவ்வொரு சாதனமும் வந்த கடதாசிப் பெட்டி மடிக்காமல் இருக்கும். இரண்டு பேர் தூக்க வேண்டிய பொருள் ஒன்றும் இராது. எரிவாயு அடுப்பு ஒற்றை வாயுடையதாக இருக்கும். சோறு வேகும்வரை கறி காத்திருக்க வேண்டும். அந்த ஒற்றை அடுப்பைப் பின்னர் சொந்த வீட்டுக்கும் கொண்டுவந்து நான்கு வருஷம் பாவித்தோம் என்றால், இடமாற்றம் முடிந்தும் அதன் பழக்கம் எங்களை விடவில்லை என்று நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அண்மைக் காலத்தில் வேறொரு வகை எதிர்பார்ப்பு நம் அயலெங்கும் பரவியிருக்கிறது. அது வெளிநாட்டுப் பயணம். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின் பின்னர், விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும் குடும்பம் இல்லாத ஒழுங்கை எங்கள் ஊரிலே அரிது. இவர்கள் சொந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் குளிர்சாதனப் பெட்டியின் கதவு மூடாவிட்டால் கயிற்றாலே கட்டுகிறார்கள். கதவின் இறப்பர் ஓரம் பழுதானால் குளிர் கசியும், இயந்திரம் ஓயாமல் ஓடும், மின்பட்டியல் ஏறும். இறப்பரை மாற்றுவதற்குச் செலவு அதிகமில்லை. ஆனாலும் 'போகிற நாட்டுக்கு இதைக் கொண்டுபோகவா போகிறோம்?' என்பார்கள். கொண்டுபோக முடியாது என்பது பெரும்பாலும் உண்மையே. நம் மின்சாரம் 230 வோல்ற்று, வினாடிக்கு 50 சுற்று. கனடாவில் 120 வோல்ற்று, 60 சுற்று. இங்குள்ள சாதனம் அங்கே பயன்படாது. இங்கிலாந்திலே வோல்ற்றும் சுற்றும் நம்முடையவை போன்றவை. சதுரமுனைச் செருகியும் அதுவே. அவுஸ்திரேலியாவிலும் மின்சாரம் ஒத்தது. செருகியின் முனைகள் மாத்திரம் சரிவானவை. இருந்தாலும் கப்பற்கூலி கொடுத்துச் சலவை இயந்திரம் அனுப்புவார் யாருமில்லை.

காத்திருப்போர் தாம் காசைச் சேமிப்பதாக எண்ணுகின்றனர். எப்பொழுதும் அப்படி அமைவதில்லை. 2022 மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவளவில் நின்றது. பெப்ரவரியிலே, 'சித்திரைக்குப் பிறகு பார்ப்போம்' என்று குளிர்சாதனப் பெட்டியைத் தள்ளிப்போட்டவர், சித்திரைக்குப் பிறகு அதன் விலையைக் கேட்டுத் திரும்பி வந்தார். மின்கட்டணமோ 2022 ஓகஸ்டில் சராசரியாக நூற்றுக்கு 75 வீதமும், 2023 பெப்ரவரியில் 66 வீதமும் உயர்த்தப்பட்டது. பின்னர் குறைந்தும் ஏறியும் வந்துள்ளது. சிக்கனமான இயந்திரத்தை முன்னரே வாங்கியிருந்தவருக்கு அந்த நாள்களில் அதன் அருமை தெரிந்தது. 2022 மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் தடைப்பட்டதே, அப்போது எந்த இயந்திரமும் இல்லாத வீடே நிம்மதியானது என்று கூறியவர்களும் உண்டு. அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

இவையெல்லாம் ரூபாக் கணக்கு. இப்போது வேறொரு கணக்குக்கு வருகிறேன்.

எங்கள் வீட்டிலே வாரத்தில் மூன்று நாள் துணி தோய்ப்பது வழக்கம். பதினாறு ஆண்டு என்றால் ஏறக்குறைய 2,500 தடவை. பாடசாலைச் சீருடை வெள்ளை. அதை வெள்ளையாகவே வைத்திருக்க வேண்டும். என்னுடைய சேட்டும் வெள்ளை. கட்டிற் போர்வை நனைந்தால் எத்தனை பாரம் என்பது அதைப் பிழிந்தவருக்கே தெரியும். சில வருஷங்களுக்கு முன்னர் மனைவியின் வலக்கை மணிக்கட்டு வீங்கத் தொடங்கியது. வைத்தியரிடம் போனோம். அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "துணி பிழியிறதை நிப்பாட்டுங்க அம்மா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீட்டில மெசின் இல்லையா, சேர்?" என்று கேட்டார். 'வாங்கப் போகிறோம்' என்று கூறினேன். ஒரு பாடசாலையின் அதிபர் மாணவர்களிடம் ஏற்றுக்கொள்ளாத விடை அது.

அன்றிரவுதான் என் கணக்கில் எங்கே பிழை என்பது விளங்கிற்று. காத்திருப்பதென்று தீர்மானித்தவன் நான்; காத்திருப்பின் விலையைக் கொடுத்தவள் அவள். இயந்திரம் பழசாகிவிடும் என்று அஞ்சிய நான், கை பழசாவதைக் கணக்கிலே எழுதவில்லை. இது என் வீட்டில் மாத்திரம் நடந்ததன்று. வாங்காது விடப்படும் சாதனங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். சலவை இயந்திரம், தேங்காய் துருவும் பொறி, மாவரைக்கும் பொறி, இரண்டாவது அடுப்பு. தொலைக்காட்சிப் பெட்டியை, 'வீடு மாறியதன் பின் வாங்குவோம்' என்று தள்ளிப்போட்ட ஆண்மகனை நான் இன்னும் சந்திக்கவில்லை. கிணற்றிலே தண்ணீர் இறைக்கும் வேலை ஆண்களுடையதாக இருந்த வீடுகளில் நீர்ப்பம்பி விரைவாகவே வந்து சேர்ந்தது. இந்த ஒழுங்கு தற்செயலானதென்று நான் நம்பவில்லை. ஆசிரியர் அறையிலே இதைக் கூறியபோது ஆசிரியைகள் தலையசைத்தார்கள்; ஆசிரியர்கள் தேநீரைப் பற்றி விசாரித்தார்கள்.

இத்தனையும் உணர்ந்தவன் மறுநாளே கடைக்குப் போயிருப்பேன் என்று நீங்கள் எண்ணலாம். போகவில்லை. மூத்தவளுக்கு வரன் பேசத் தொடங்கியிருந்தோம். 'இன்னும் சில மாதம்தானே' என்றது பழைய மனம். துணி தோய்க்க அயலிலுள்ள ஒரு பெண்மணியை ஒழுங்கு செய்தேன். அவர் வராத நாள்களில் பழையபடிதான்.

2023 டிசெம்பரிலே ஒரு சலவை இயந்திரம் வாங்கினோம். முன்பக்கக் கதவுள்ள நல்ல இயந்திரம். மகளுக்காக வாங்கியபடியால் விலையை நான் பார்க்கவில்லை. 2024 ஜனவரியிலே கலியாணம். அது வரையில் பெட்டியைப் பிரிக்காமல் மண்டபத்து மூலையிலே நிறுத்தி, மேலே ஒரு பூவேலைத் துணி விரித்து வைத்தோம். வந்த உறவினர் எல்லாரும் தட்டிப் பார்த்தனர். மனைவி பின்வளவிலே, கிணற்றடிக் கல்லிலே, கலியாணத்துக்குரிய மேசை விரிப்புகளைத் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

கலியாணம் முடிந்து மூன்றாம் மாதம் மருமகனுக்கு மெல்பேர்ணிலே தொழில் கிடைத்தது. இருவரும் புறப்பட்டுவிட்டனர். வீடு உறுதிப்படி அவளுடையது. நாங்கள் அதிலேயே இருந்தோம். பின்வளவிலே சிறு வீட்டுக்கு வெட்டிய அத்திவாரத்தில் புல் முளைத்தது. மண்டபத்து மூலையிலே பெட்டி அப்படியே நின்றது. மகளின் பொருளை அவள் இல்லாத வேளையிலே எப்படிப் பிரிப்பது? அவள் திரும்பி வந்தாலோ? இளையவளின் கலியாணத்துக்கு உதவினாலோ? நேயர்களே, மனிதன் ஒருமுறை பழகிய காத்திருப்பை இலகுவிலே விடுவதில்லை. பதினைந்து மாதம் அப்பெட்டியின் மேலே செய்தித்தாள்களை அடுக்கி வைத்தோம்.

2025 மார்ச் மாதத்தில் மகள் தொலைபேசியின் காணொளியிலே பேசிக்கொண்டிருந்தாள். தாய் எழுந்து போனபோது பின்னாலே பெட்டி தெரிந்துவிட்டது. சற்று நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அப்பா, இன்னும் அத உடைக்கல்லயா? நான் இஞ்ச மெசின்லதான் தோய்க்கிறன். அம்மா இன்னும் கல்லிலயா? இண்டைக்கே அத உடைங்க" என்றாள். குரல் சற்று உயர்ந்திருந்தது. நான் அவளைக் கண்டித்து வளர்த்த தந்தை. அன்று அவள் கண்டிக்க நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுநாள் குழாய் வேலை செய்பவர் வந்தார். 2009இலே நான் அளந்து காட்டிய இடத்திலே இயந்திரம் அச்சொட்டாக அமைந்தது. ஆனால் சுவரிலிருந்த குழாயைத் திறக்க முயன்றபோது அது அசையவில்லை. கடற்காற்றும் உவர்நீரும் பதினாறு ஆண்டுகளில் அதை இறுக்கிவிட்டிருந்தன. அறுத்தெடுத்துப் புதிதொன்று பூட்டினார். உத்தரவாதச் சீட்டை எடுத்துப் பார்த்தேன். பற்றுச்சீட்டின் திகதியிலிருந்து ஓராண்டு என்று இருந்தது. ஒருநாள்கூட ஓடாத இயந்திரத்தின் உத்தரவாதம் மூன்று மாதங்களுக்கு முன்னரே முடிந்துபோயிருந்தது. நல்ல வேளையாக இயந்திரத்துக்கு அது தெரியவில்லை, சீராகவே ஓடியது.

ஓடுவதற்கு முன்னர் ஒரு காரியம் செய்யவேண்டியிருந்தது. இத்தகைய இயந்திரங்களிலே, பயணத்தின்போது உள்ளேயுள்ள உருளை ஆடாதபடி பின்புறத்தில் நீண்ட திருகாணிகள் சிலவற்றைப் பூட்டி அனுப்புவார்கள். அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் இயந்திரம் துள்ளும், பழுதாகும். பின்னர் இடம் மாற்றும்போது மறுபடி பூட்ட வேண்டும். வேலைக்காரர் நான்கு திருகாணிகளைக் கழற்றி என் கையிலே தந்தார். இனி எதற்கு என்ற நினைப்பிலே அவற்றை யன்னலோரம் வைத்தேன்.

மாலையிலே பார்த்தபோது அவை அங்கே இல்லை. மனைவி அவற்றைத் துடைத்து, பழைய பால்மாத் தகரம் ஒன்றிலே போட்டு மூடிக்கொண்டிருந்தாள். இயந்திரம் உள்ளே சுழன்றுகொண்டிருந்தது.

"அது எதற்கு?" என்று கேட்டேன்.

"இரிக்கட்டும். பின்வளவு வீட்டுக்குப் போகக்குள்ள தேவப்படும்" என்றாள்.